தீனாபானாவின் பணியிடை நீக்கமும் கன்ஷிராமின் வாழ்க்கையும்

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறும் பேருந்து, பெரும்பாறையையும் தடியன்குடிசையையும் கடந்து தாண்டிக்குடியை அடைகிறது. வழி நெடுக சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகள், இடையிடையே மலைவாழை. கீழ்ப் பழனி மலையின் இந்தச் சரிவுகளில் காப்பிப் பழம் பறித்தும் மிளகு கொய்தும் களையெடுத்தும் வாழும் குடும்பங்களில் கணிசமானவை ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை.

கூலித் தொழிலாளி ஒருவரைத் தோட்டத்திலிருந்து வெளியேற்ற, எந்த மலையிலும் காகிதம் தேவைப்படுவதில்லை. ஒரு மூட்டை மிளகு குறைகிறது என்று யாரேனும் சொன்னால் போதும். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்ற செய்தி மாலைக்குள் வீடு வந்து சேரும். திருடியது யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. சந்தேகம் யார் மீது விழ வேண்டும் என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இறங்கிப் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் தம் பரம்பரையிலேயே முதன்முறையாக அரசு வேலைக்குள் நுழைவார்கள். அங்கே வெளியேற்றுவதற்குக் காகிதம் உண்டு. குறிப்பாணை, பணியிடை நீக்க ஆணை, விசாரணை அலுவலர், விளக்கம் கோரும் கடிதம் என்று அது முறையாக வரும். முறையாக வருவதாலேயே அது நியாயமாகிவிடாது. அப்படியொரு நாள் வரும்போது, அதற்கு ஆளானவர் என்ன செய்ய வேண்டும் என்பதைவிட, அவருடன் பணிபுரிகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் கன்ஷிராம். அவரை ஒரு கட்சியின் நிறுவனராகவே பலரும் அறிவர். அவருடைய பொதுவாழ்க்கை தொடங்கியதோ, சக ஊழியர் ஒருவரின் பணியிடை நீக்கத்திலிருந்து.

பஞ்சாபிலிருந்து புனேவுக்கு

கன்ஷிராம் 1934 மார்ச் 15 அன்று பஞ்சாபின் ரோப்பர் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஹரி சிங். தாய் பிஷன் கவுர். சீக்கியம் தழுவிய சமார் சாதியினரான ராம்தாசியாக்கள் அவருடைய குடும்பத்தினர். சாதி அங்கும் இருந்தது. எனினும் குருத்வாராவின் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வழக்கமும், சிறிதளவு நிலமும், குடும்பத்தில் இருந்த எழுத்தறிவும் தீண்டாமையின் கூரிய முனையிலிருந்து அவரை ஓரளவு காத்தன. ரோப்பர் அரசுக் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்ற அவர், 1950களின் இறுதியில் புனே நகரில் பாதுகாப்புத் துறையின் வெடிமருந்து ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு ஆய்வகத்தில் பணியில் சேர்ந்தார்.

அண்ணல் அம்பேத்கர் மறைந்து அப்போது நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார். மராத்திய மண்ணின் சேரிகளில் அந்தத் துயரும் அந்த எழுச்சியும் ஒருசேர நிறைந்திருந்தன. ஆனால் பஞ்சாபிலிருந்து வந்த இளம் அறிவியலாளருக்கு அம்பேத்கரின் சிந்தனையோடு நெருக்கமான அறிமுகம் இருக்கவில்லை. நல்ல வேலை, நிலையான சம்பளம், ஊரில் பெருமைப்படும் குடும்பம் என்று அவருடைய வாழ்க்கை ஓர் ஒழுங்கில் சென்றுகொண்டிருந்தது. இட ஒதுக்கீட்டால் வேலை பெற்ற எண்ணற்ற நடுத்தர ஊழியர்களில் ஒருவராகவே அவர் ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

இரண்டு விடுமுறைகள்

1960களின் நடுவில் ஆய்வக நிர்வாகம் விடுமுறைப் பட்டியலை மாற்றியது. அம்பேத்கர் பிறந்தநாளும் புத்தர் பிறந்தநாளும் நீக்கப்பட்டன. திலகர் பிறந்தநாள் உள்ளிட்டவை அவற்றின் இடத்தைப் பெற்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறிய செய்தி. விடுமுறை நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒருவரது சம்பளமும் குறையவில்லை. ஆனால் யாருடைய நினைவுக்கு அரசு மதிப்பளிக்கும், யாருடைய நினைவைச் சத்தமில்லாமல் அழிக்கும் என்பது அந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. புனே, பேஷ்வாக்களின் தலைநகராக விளங்கிய ஊர். மகர் மக்கள் தம் நிழலும் பிறர் மேல் படாமல் ஒதுங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட வரலாறு அந்த ஊருக்கு உண்டு. அங்கே இந்த மாற்றத்தின் பொருளை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆய்வகத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர்கள் பலர் இருந்தனர். படித்தவர்கள் இருந்தனர், பதவியில் இருந்தவர்களும் இருந்தனர். எதிர்த்துக் கேட்டவரோ கடைநிலையில் பணிபுரிந்த தீனாபானா. ராஜஸ்தானைச் சேர்ந்தவர், துப்புரவுப் பணிக்கென்றே சாதியால் ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், நான்காம் நிலை ஊழியர். அந்த மாபெரும் ஆய்வகத்தில் அவருக்குக் கீழே இனி ஒரு படி இல்லை. வேலை போனால் அவருக்குத் திரும்பிச் செல்ல நிலமும் இல்லை, சேமிப்பும் இல்லை. இழப்பதற்கு மிகக் குறைவாகவும் அஞ்சுவதற்கு மிக அதிகமாகவும் இருந்த மனிதர் அவர். நிர்வாகம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பணியிடை நீக்கம் என்பது சட்டத்தின் மொழியில் தண்டனை அன்று. விசாரணை நேர்மையாக நடப்பதற்காக ஊழியரைச் சில காலம் விலக்கி வைக்கும் ஏற்பாடு என்றே அது விளக்கப்படுகிறது. நடைமுறையில் அது தண்டனைக்கு முந்திய தண்டனையாகவே இயங்குகிறது. ஊதியம் பாதியாகிறது. அலுவலக வாசலுக்குள் நுழைய முடியாது. நேற்றுவரை உடன் தேநீர் அருந்தியவர்கள் இன்று கண்டும் காணாமல் போகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் ஏதோ செய்திருப்பான், இல்லாவிட்டால் சும்மாவா நீக்குவார்கள் என்ற பேச்சு எழுகிறது. தலித் ஊழியர் என்றால், இவர்களுக்கு வேலை கொடுத்ததே தவறு என்ற கூற்றும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒருவரை நீக்குவதன் உண்மையான நோக்கம் மற்றவர்களை அடக்குவது. தீனாபானாவை நீக்கிய ஆணை அவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. ஆய்வகத்தில் இருந்த ஒவ்வொரு தலித் ஊழியரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது.

அவர்களில் பலர் அதைச் சரியாகவே படித்தார்கள், மௌனமாக இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. குடும்பத்தில் முதல் சம்பளக்காரர். தம்பி தங்கையர் படிப்பு, ஊரில் வாங்கிய கடன், வயதான பெற்றோர் என்று பத்துப் பேரின் சோறு அந்த ஒரு வேலையில் இருக்கிறது. அச்சத்திற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நன்கு அறிந்தே நிர்வாகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

அருகில் வந்து நின்றவர்கள்

மௌனத்தைக் கலைத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர், அம்பேத்கரிய இயக்கச் சூழலில் வளர்ந்த பௌத்தரான டி.கே. காபர்டே. மற்றவர், அதுவரை இயக்கம் எதிலும் ஈடுபட்டிராத கன்ஷிராம். கடைநிலை ஊழியர் ஒருவர், தம் சொந்த மாநிலத்தையும் சாராத ஒரு தலைவரின் பிறந்தநாளுக்காக வேலையையே பணயம் வைத்தது ஏன் என்ற வியப்பே கன்ஷிராமை முதலில் ஈர்த்தது. தீனாபானாவிடம் கேட்டார். காபர்டேயிடம் கேட்டார். விடையாக அவருக்குக் கிடைத்தது ஒரு புத்தகம்: அம்பேத்கரின் சாதி ஒழிப்பு. அதை ஒரே இரவில் மூன்று முறை படித்தார் என்று சொல்லப்படுகிறது.

அந்த நூலுக்கும் பஞ்சாபுக்கும் ஓர் உறவு உண்டு. 1936ஆம் ஆண்டு லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பின் மாநாட்டில் ஆற்றுவதற்காக அம்பேத்கர் எழுதிய தலைமையுரை அது. உரையின் கருத்துகளைக் கண்டு அஞ்சிய அமைப்பினர் மாநாட்டையே கைவிட்டனர். அம்பேத்கர் அதைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். பஞ்சாபில் ஒலிக்க முடியாமற்போன உரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்துப் பஞ்சாபின் மகன் ஒருவரைப் புனேவில் சென்றடைந்தது. அதை அவரிடம் கொண்டு சேர்த்தது ஒரு கடைநிலை ஊழியரின் பணியிடை நீக்கம்.

கன்ஷிராம் தீனாபானாவின் பக்கம் வெளிப்படையாக நின்றார். வழக்குத் தொடுக்க ஊக்கமளித்தார், துணை நின்றார். விவகாரம் ஆய்வகத்தின் சுவர்களைத் தாண்டியது. முடிவில் பணியிடை நீக்கம் விலக்கப்பட்டுத் தீனாபானா பணிக்குத் திரும்பினார். அம்பேத்கர் பிறந்தநாளும் புத்தர் பிறந்தநாளும் விடுமுறைப் பட்டியலுக்குத் திரும்பின.

இந்த வெற்றியை ஒரு தனிமனிதரின் வீரக்கதையாகச் சுருக்கிவிடலாகாது. தீனாபானா தனியாக இருந்திருந்தால், ஒருவேளை மன்னிப்புக் கடிதத்தோடு விவகாரம் முடிந்திருக்கும். கன்ஷிராமும் காபர்டேயும் மட்டும் இருந்து, தீனாபானா கேள்வி எழுப்பாதிருந்தால் எதுவுமே தொடங்கியிருக்காது. அடிநிலையில் இருந்தவர் முதலில் எழுந்தார். மேல்நிலையில் இருந்தவர் அவரைப் பின்தொடர்ந்தார். தலைவர்கள் மக்களை எழுப்புவதாகவே வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. இங்கே ஒரு துப்புரவுச் சமூகத் தொழிலாளி ஒரு தலைவரை எழுப்பினார்.

வேலையைத் துறந்தவர், ஊழியரைத் திரட்டியவர்

விவகாரம் முடிந்த பின்னர் கன்ஷிராமால் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியவில்லை. வீட்டுக்கு 24 பக்கங்களில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் பதிவுசெய்த செய்தி. திருமணம் செய்துகொள்வதில்லை, சொத்துச் சேர்ப்பதில்லை, குடும்ப நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை, வீட்டுக்குத் திரும்புவதில்லை என்பவை அதில் அவர் அறிவித்த முடிவுகள். 1970களின் தொடக்கத்தில் அவர் வேலையையும் முற்றிலுமாக விட்டார்.

தம் வேலையைத் துறந்த அவர், மற்றவர்களை வேலையைத் துறக்கச் சொல்லவில்லை. இதுவே அவருடைய சிந்தனையின் தனித்தன்மை. 1971 அக்டோபர் 14 அன்று, நாக்பூர் மதமாற்றத்தின் 15ஆம் ஆண்டு நாளில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய சமூகங்களின் ஊழியர் நலச் சங்கத்தைப் புனேவில் தொடங்கினார். ஊழியர்கள், குறிப்பாகப் படித்த ஊழியர்கள், பணியிடத்தில் எதிர்கொள்ளும் அநீதியையும் துன்புறுத்தலையும் ஆராய்ந்து விரைவான, நியாயமான தீர்வு காண்பது அச்சங்கத்தின் நோக்கமாக இருந்தது. தீனாபானாவின் அனுபவம் ஓர் அமைப்பின் விதியாக மாறியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இனி யாரும் தனியாக நீக்கப்படக்கூடாது என்பதே அதன் உட்பொருள்.

அதன் தொடர்ச்சியாகவே பாம்செஃப் பிறந்தது. 1973இல் கருக்கொண்டு, 1978 டிசம்பர் 6 அன்று தில்லியில் முறையாகத் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, போராட்டம் நடத்தாத, அரசியல் சாராத, மதம் சாராத அமைப்பாகத் தன்னை வரையறுத்துக்கொண்டது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது கோழைத்தனமாகத் தோன்றலாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளை அறிந்தவருக்கு அதன் நுட்பம் விளங்கும். ஊழியர் ஒருவர் தெருவில் இறங்கினால், அடுத்த நாளே நடவடிக்கைக்கு வழி கிடைத்துவிடும். அந்த வழியை நிர்வாகத்துக்குத் தராமலேயே, ஊழியரின் பணத்தையும் அறிவையும் நேரத்தையும் சமூகத்துக்குத் திருப்ப வேண்டும் என்று கன்ஷிராம் கணக்கிட்டார். 1980களின் தொடக்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 2 இலட்சத்தை எட்டியதாக அமைப்பு கூறியது.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தவர்கள் சமூகத்தைக் கைவிட்டுவிட்டதாக வருந்தினார். கன்ஷிராம் அந்த வருத்தத்தைத் தம் வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டார். இட ஒதுக்கீடு என்பது தனிமனிதருக்குக் கிடைத்த பரிசன்று. ஒரு சமூகம் போராடிப் பெற்று, தன் பிள்ளைகளில் சிலரிடம் ஒப்படைத்த சொத்து. அதன் பலனை நுகர்கிறவர் சமூகத்துக்குக் கடன்பட்டவர். இக்கருத்தை அவர் ஊர் ஊராக, அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுசென்றார்.

ஊழியர் செய்ய முடியாததைச் செய்ய வேறு அமைப்பு வேண்டியிருந்தது. 1981 டிசம்பர் 6 அன்று டி.எஸ்.4 என்ற போராட்ட அமைப்பு உருவானது. 1982 செப்டம்பர் 24 அன்று, புனே ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு நாளில், ஒடுக்கப்பட்ட மக்களிடையே உருவாக்கப்படும் கைப்பாவைத் தலைமைகளை விமர்சிக்கும் சம்ச்சா யுகம் என்ற நூலை வெளியிட்டார். 1984 ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சி தொடங்கப்பட்டது. இந்த நாட்களைக் கவனியுங்கள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். டிசம்பர் 6 அவருடைய நினைவுநாள். ஒரு நாட்காட்டியிலிருந்து அம்பேத்கரை நீக்கியதில் தொடங்கிய வாழ்க்கை, அம்பேத்கரின் நாட்களைக் கொண்டே தன் நாட்காட்டியை அமைத்துக்கொண்டது.

கேள்விகளும் உண்டு

கன்ஷிராமை வழிபாட்டுக்குரியவராக மாற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கட்சி தொடங்கிய பின்னர் பாம்செஃப் பிளவுபட்டது. ஊழியர் அமைப்பு தேர்தல் அரசியலின் துணைக்கருவியாகச் சுருங்கக்கூடாது என்று கருதிய காபர்டே உள்ளிட்ட பழைய தோழர்கள் தனி வழியில் சென்றனர். 1995 ஜூன் 3 அன்று மாயாவதி உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். தலித் பெண் ஒருவர் நாட்டின் மிகப்பெரிய மாநிலத்தை ஆண்டது வரலாற்றுத் திருப்பம். அந்த ஆட்சி பாரதிய ஜனதா கட்சியின் ஆதரவில் அமைந்தது என்பதும் வரலாறே. அதிகாரத்தைக் கைப்பற்றுவதே எல்லாப் பூட்டுகளுக்கும் திறவுகோல் என்ற அவருடைய நம்பிக்கை, சாதியை ஒழிப்பது என்ற அம்பேத்கரின் இலக்கைப் பின்னுக்குத் தள்ளியது என்ற விமர்சனம் இன்றும் விவாதத்துக்கு உரியது. நீண்டகாலம் நோயுற்றிருந்த கன்ஷிராம் 2006 அக்டோபர் 9 அன்று மறைந்தார். அவர் விருப்பப்படி பௌத்த முறையில் இறுதிச் சடங்கு நடந்தது.

தேர்தல் கணக்குகளில் அவர் வென்றவையும் தோற்றவையும் மாறிக்கொண்டேயிருக்கும். நீக்கப்பட்ட சக ஊழியரின் அருகில் சென்று நின்ற அந்த முதல் முடிவுக்குத் தேர்தல் முடிவு எதுவும் தேவைப்படவில்லை.

நம் கைகளில் இருப்பவை

தீனாபானாவின் காலத்தில் இல்லாத சில பாதுகாப்புகள் இன்று உண்டு. அவற்றை அறியாமலிருப்பது நிர்வாகத்துக்கு நாமே தரும் சலுகை.

பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, அச்சமூகத்தைச் சாராத ஒருவர் அவர்கள் மீது பொய்யான, தீய நோக்கிலான வழக்கோ சட்ட நடவடிக்கையோ தொடுப்பதைக் குற்றமாக்குகிறது. அரசு ஊழியர் ஒருவருக்குப் பொய்த் தகவல் தந்து, அவருடைய அதிகாரத்தைத் தலித்துக்கு எதிராகப் பயன்படுத்தச் செய்வதும் அச்சட்டத்தின்படி தனிக் குற்றம். பொய்க் குற்றச்சாட்டு என்பது வேறு வடிவில் நிகழும் வன்கொடுமையே என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டதன் பொருள் இது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் 17(பி) என்றதும் அஞ்சுவார்கள். பெருந்தண்டனைக்குரிய குற்றச்சாட்டு அந்த விதியின்கீழ் வருகிறது. பணியிடை நீக்கம் 17(இ) விதியின்கீழ் வருகிறது. ஆனால் அதே விதிகள், குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், ஆவணங்களைப் பார்வையிடவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் ஊழியருக்கு உரிமை தருகின்றன. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியது. அதனால் நீக்கம் தானாகவே ரத்தாகிவிடாது என்று பின்வந்த தீர்ப்புகள் விளக்கியிருக்கின்றன. ஆகவே காத்திராமல் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

பசியும் ஒரு விசாரணைக் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது. பிழைப்பூதியத்தை நிறுத்திவிட்டால் ஊழியர் தாமாகவே பணிந்துவிடுவார் என்பது பழைய உத்தி. கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் தங்கம் கைப்பற்றப்பட்டதாகக் கூறி அவர் நீக்கப்பட்டார். பிழைப்பூதியம் தரப்படாததால் தொலைவிலிருந்து விசாரணைக்கு வர அவரால் இயலவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்து வேலை பறிபோனது. பின்னர் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், பிழைப்பூதியமின்றி நடந்த விசாரணை செல்லாது என்று கூறி அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. தொழிற்சாலைகள், தோட்டங்கள் போன்ற நிறுவனங்களின் தொழிலாளருக்காகத் தமிழ்நாடு 1981இல் இயற்றிய பிழைப்பூதியச் சட்டம், முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம், அடுத்த 90 நாட்களுக்கு முக்கால் பங்கு, அதன்பின் முழு ஊதியம் என்று வரையறுத்தது. பணி தொடர்பான பாகுபாட்டை, அரசமைப்பின் 338ஆம் பிரிவின்கீழ் இயங்கும் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்திடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு.

இவை அனைத்தும் உயிர்பெற ஒரு நிபந்தனை உண்டு. சட்டம் தெரிந்த ஒருவர், சாட்சி சொல்லத் துணிந்த ஒருவர், முதல் மாத அரிசிக்குப் பணம் தரும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். வாய்மொழியாக நீக்கப்பட்டவரை எழுத்தில் ஆணை கேட்கச் சொல்பவர் வேண்டும். அவமானம் தாங்காமல் ராஜினாமாக் கடிதம் எழுத அமர்பவரின் கையைப் பிடித்துத் தடுப்பவர் வேண்டும். தவறு செய்யாதவர் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திடுவது, பொய்க் குற்றச்சாட்டை ஒப்புதல் வாக்குமூலமாக மாற்றிவிடும் என்று எடுத்துச் சொல்பவர் வேண்டும். பணியிடை நீக்கம் ஒருவரைத் தனிமைப்படுத்தியே வெல்கிறது. தனிமை உடைந்தால் அதன் வலிமையில் பாதி போய்விடும்.

தாண்டிக்குடியிலிருந்து முதன்முறையாகக் கல்லூரிக்கு இறங்கும் மாணவர் நாளை ஓர் அலுவலகத்தில் அமர்வார். அங்கே கூட்டிப் பெருக்குகிறவர் மீதோ, காவலாளி மீதோ, தம்மைப் போன்றே புதிதாய்ச் சேர்ந்த எழுத்தர் மீதோ ஒரு நாள் பொய்ப் பழி விழும். அந்த நாளில் தம் மேசையில் குனிந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பதா, எழுந்து நடந்து அவரருகில் செல்வதா என்பதை அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கும். கன்ஷிராம் எழுந்து சென்றார். அவர் எழுவதற்கு முன்பே, பாதுகாப்பு ஏதுமின்றி, தீனாபானா எழுந்து நின்றிருந்தார்.